நீலக்குறிஞ்சி: உடுமலை முதல் கொடைக்கானல் வரை

நீலக்குறிஞ்சி தென்னிந்தியாவின் உயர்மலைப் புல்வெளிகளில் மட்டும் இயல்பாக வளரும் புதர்ச்செடி. தாவரவியலில் இதன் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. ஆடாதோடையும் கனகாம்பரமும் அடங்கிய அகாந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,340 மீட்டர் முதல் 2,600 மீட்டர் வரையுள்ள சரிவுகள்தான் இதன் இருப்பிடம். நீலகிரி, ஆனைமலை, மூணாறு மலைகள், பழனி மலை ஆகிய இடங்களில் பரந்தும், கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காட்டை ஒட்டிய சேர்வராயன் மலையில் சிறு திட்டாகவும் காணப்படுகிறது. 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை முற்றியதும் பட்டுப்போகும் செடி இது.

குறிஞ்சியைப் பற்றிப் பேச்சு எழுவது அது பூக்கும் ஆண்டில்தான். அந்த ஆண்டில் சரிவு முழுதும் நீலம் மூடிக்கிடக்கும். பார்வை பூவைத் தாண்டி மண்ணுக்கும் புல்லுக்கும் போவதில்லை. எந்த மண், எந்தக் காற்று, எந்தப் பனி இந்தச் செடியை வளர்க்கின்றன என்பதை அறிய, பூக்காத ஆண்டில் மலையேறுவதே வசதி. 2018இல் உதிர்ந்த விதைகளிலிருந்து எழுந்த தலைமுறைதான் இப்போது மலையில் நிற்கிறது. அதைக் காண உடுமலைப்பேட்டையில் கிளம்பி மறையூர், மூணாறு, டாப் ஸ்டேஷன், வட்டவடை வரை செல்லும் மலைவழி மிகப் பொருத்தமானது. உடுமலை சமவெளி நானூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர். இந்தத் தொலைவுக்குள் முள்காடும் சந்தனக்காடும் தேயிலையும் சோலையும் புல்வெளியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன.

சின்னாறும் மறையூரும்

அமராவதி அணையைக் கடந்து ஒன்பதாறு சோதனைச்சாவடியை அடையும் சாலை, அதன்பின் சின்னாறு வனவிலங்கு உய்விடத்துக்குள் நுழைகிறது. கேரளத்தின் பிற காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் வியப்பளிக்கும். இருபுறமும் முள்மரங்களும் கள்ளியும் வறண்ட புதர்களும்தான். ஆனைமுடியும் அதைச் சுற்றிய மலைகளும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்கிலேயே நிறுத்தி மழையைக் கறந்துவிடுவதால், கிழக்கே உள்ள இந்தப் பள்ளத்தாக்கு மழைமறைவில் கிடக்கிறது. இங்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் இந்த வறண்ட காட்டின் உயிர்கள்.

குறிஞ்சிக்கு இங்கே இடமில்லை. வெப்பமும் நீண்ட கோடையும் அதற்கு ஆகாது. இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால், குறிஞ்சி நாற்றைக் கீழே கொண்டுவந்து தோட்டத்தில் வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. குளிர்ந்த காற்று, மூடுபனி, ஈரம் தங்கியும் நீர் தேங்காமலும் வடியும் அமில மண் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் உயரத்தில்தான் அது நிலைக்கும்.

மறையூர் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இயற்கையாக வளர்ந்த சந்தன மரங்கள், பாறைத் திட்டுகளில் முனியறை என்று அழைக்கப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் ஆகியவை இவ்வூரின் அடையாளங்கள். பள்ளத்தாக்கில் ஓடும் பாம்பாறு ஆனைமுடியை ஒட்டிய புல்மேடுகளில் பிறந்து, கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்கிறது. உடுமலை, தாராபுரம் வட்டாரத்து வயல்களுக்குப் பாயும் நீரில் ஒரு பங்கு குறிஞ்சி வளரும் புல்வெளிகள் தேக்கிவைத்து விட்ட நீர். மழை நாளில் நீரை உறிஞ்சி, கோடையில் சிறிது சிறிதாகக் கசியவிடுவது அந்தப் புல்லடி மண்ணின் இயல்பு.

மறையூரைத் தாண்டி லக்கம் அருவி, தலையாறு என்று சாலை ஏற ஏறக் காற்று குளிர்கிறது. தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. சரிவின் மேல்விளிம்பில், தேயிலை முடியும் கோட்டுக்கு மேலே, பாறைமுகடுகளை ஒட்டி மஞ்சளும் பச்சையும் கலந்த புல்வெளி தெரியத் தொடங்கும். குறிஞ்சியின் நாடு அங்கிருந்துதான் ஆரம்பம்.

இராஜமலையில் செடி

மூணாற்றை அடைவதற்குச் சில கிலோமீட்டர் முன்பே இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவாயில் வருகிறது. தனியார் வண்டிகளுக்கு உள்ளே அனுமதியில்லை. வனத்துறையின் பேருந்து மேலே இராஜமலை வரை கொண்டுபோய் விடும். அதன்பின் தார்ச்சாலையில் கொஞ்சதூரம் நடந்து திரும்பலாம். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவில் பொதுமக்கள் பார்க்கக்கூடியது இந்த ஓரம் மட்டுமே. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது.

சாலையின் மேட்டுப்புறத்தில், புல்லுக்கு இடையே, குறிஞ்சிப் புதர்கள் திட்டுத்திட்டாக நிற்கின்றன. பூ இல்லாதபோது வழிப்போக்கர் கண்ணை ஈர்க்க அவற்றில் எதுவும் இல்லை. தண்டு கட்டையாகி அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்திருக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. நீள்வட்ட வடிவம், விளிம்பில் சிறு பற்கள். மேற்பக்கம் கரும்பச்சை. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறியும் நரம்புகள் புடைத்தும் இருக்கும். காற்று நேராக மோதும் முகட்டில் நிற்கும் செடி முழங்கால் உயரத்தைத் தாண்டாது. நெருக்கமாக, குட்டையாக, மேற்புறம் வெட்டிவிட்டதுபோல் சமமாக இருக்கும். அதே சரிவில் காற்று தணிந்த மடிப்பில் நிற்கும் செடி ஆளுயரத்துக்கு எழுந்துவிடும். இரண்டும் ஒரே வயதாக இருக்கலாம். உயரத்தைக் கொண்டு வயதைச் சொல்ல முடியாது.

பூக்கும் காலத்தில் கிளை நுனிகளிலும் இலைக்கக்கங்களிலும் கதிர்கள் எழும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பூவடிச் செதில்களுக்கு இடையிலிருந்து பூக்கள் வெளிவரும். ஒவ்வொரு பூவும் அடியில் குழலாகவும் மேலே மணி போல் விரிந்தும் ஐந்து மடல்களாகப் பிரிந்தும் இருக்கும். விரியும்போது வெளிர்நீலம், நாளாக ஆக ஊதா ஏறும். தனிப் பூவில் பெரிய கவர்ச்சி இல்லை. ஒரே வயதுச் செடிகள் ஒரே பருவத்தில் கூட்டமாகப் பூப்பதால்தான் தொலைவிலிருந்து மலையின் நிறமே மாறித் தெரிகிறது.

புல்லருகே மேயும் வரையாடுகள் மனிதரைக் கண்டு விலகுவதில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இந்த ஆடு, உலகிலேயே ஓரிடத்தில் அதிக எண்ணிக்கையில் வாழ்வது இரவிகுளத்தில்தான். அது ஈனும் பருவத்தில், ஆண்டின் முதல் மாதங்களில், பூங்கா சில வாரங்கள் மூடப்படும். வரையாட்டுக்கும் குறிஞ்சிக்கும் வேண்டிய நிலம் ஒன்றே: மரம் மூடாத, பாறை ஒட்டிய உயர்புல்வெளி.

புல்வெளியும் சோலையும்

இராஜமலையிலிருந்து எதிர்மலையைப் பார்த்தால் அதன் அமைப்பு நன்றாகப் புரியும். முகடுகளிலும் வெளிச்சரிவுகளிலும் புல். சரிவுகள் கூடும் மடிப்புகளில், நீரோடை வழியே, குட்டையான மரங்கள் அடர்ந்த சோலை. சோலைக்கும் புல்லுக்கும் இடையே எல்லை கோடு கிழித்தாற்போல் திடீரென்று முடியும். நாவல் இனங்கள், மலைச்செண்பகம், காட்டு இலவங்க வகைகள் சோலைக்குள். புல்லின் நடுவே தனித்து நிற்கும் சிவப்புப்பூ மரம் காட்டுப்பூவரசு எனப்படும் மலை ரோடோடென்ட்ரான்.

முகட்டில் மரம் ஏன் இல்லை என்பதற்குப் பனிதான் முதன்மையான விடை. மார்கழி, தை மாத இரவுகளில் திறந்த புல்வெளியில் வெப்பம் உறைநிலைக்கும் கீழே இறங்கும்; விடியலில் புல்நுனியெல்லாம் வெண்மை படிந்திருக்கும். சோலை மரக்கன்றுகள் இந்த உறைபனியில் கருகிவிடும். சோலைக்குள் விதானம் மூடியிருப்பதால் அவ்வளவு குளிர் இறங்காது. உறைபனியோடு காற்றும் மெல்லிய மண்ணும் அவ்வப்போது எழும் தீயும் சேர்ந்து மேட்டைப் புல்லுக்கே விட்டுவைத்திருக்கின்றன. இது காட்டை வெட்டியதால் உண்டான புல் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவுகள் வேறொன்றைக் காட்டின. சுமார் 20,000 ஆண்டுகளாக அங்கே புல் இருந்துவருகிறது. பருவநிலை மாறும்போது சோலையும் புல்லும் ஒன்றையொன்று நெருக்கியும் விலகியும் வந்திருக்கின்றன.

குறிஞ்சி இந்தப் புல்வெளியின் செடி. அதற்கு முழுவெயில் வேண்டும், அடர்நிழலில் நலிந்துவிடும். உறைபனியைத் தாங்கும் கட்டைத்தண்டும் உறுதியாக ஊன்றிய வேரும் அதற்கு உண்டு. பாறைமேல் ஓரிரு அடி ஆழமே உள்ள, மட்கு செறிந்த கருமண்ணில் அது ஊன்றிக்கொள்கிறது. சரிவு என்பதால் ஆனி, ஆடி மாதங்களின் கொட்டும் மழையிலும் வேரடியில் நீர் தேங்குவதில்லை. தை முதல் சித்திரை வரை மழை குறைந்த மாதங்களில் மூடுபனியின் ஈரம் கைகொடுக்கிறது. புதர்களின் வேர் சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. ஆக, செடிக்கு மண்ணும் மண்ணுக்குச் செடியும் துணை.

12 ஆண்டுக் கணக்கு

விதையிலிருந்து விதைவரை குறிஞ்சியின் வாழ்க்கை ஒழுங்கானது. பூத்த ஆண்டின் ஆவணி, புரட்டாசி மாதங்களில் பூப்பு உச்சத்தில் இருக்கும். ஐப்பசிக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அடுத்த மாதங்களில் காய் முற்றும். சிறிய காய் ஒன்றில் அதிகம் போனால் நான்கு விதைகள். அகாந்தேசி குடும்பத்துக் காய்களுக்கு ஒரு தனி அமைப்பு உண்டு: ஒவ்வொரு விதையும் கொக்கி போன்ற ஒரு காம்பின்மேல் அமர்ந்திருக்கும். உலர்ந்த காய் இரண்டாகப் பிளக்கும் விசையில் அந்தக் கொக்கி விதையை எறிந்துவிடும். எறிந்தாலும் விதை தாய்ச்செடியைச் சுற்றிச் சில அடிகளுக்குள்தான் விழும். காற்றிலோ பறவையிலோ தொலைதூரம் போகும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு சரிவில் குறிஞ்சி அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து அது தானாக வந்து சேராததற்கு இதுவே காரணம்.

விதை முற்றியதும் சரிவிலுள்ள செடிகள் எல்லாம் காய்ந்து, கறுத்த குச்சிகளாக நிற்கும். அடுத்த மழையில் அவற்றின் அடியில் நாற்றுகள் நெருக்கமாக முளைக்கும். முதல் ஆண்டுகளில் போட்டி கடுமையானது. இடம் கிடைத்தவை நிலைத்து ஆண்டுக்கு ஆண்டு தடித்து, புதராகிப் பன்னிரண்டாம் ஆண்டில் மொட்டு வைக்கும். மூணாறு, பழனி மலைகளின் கூட்டுப்பூப்பு 1838 முதல் கணக்கில் இருக்கிறது. 12 ஆண்டு இடைவெளி பிசகாமல் 1982, 1994, 2006, 2018 வரை 16 முறை பூத்திருக்கிறது. அடுத்தது 2030.

எல்லா மலைக்கும் இதே ஆண்டு பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. நீலகிரியின் சில சரிவுகள் 2012இல் பூத்தன; ஊட்டியிலிருந்து இறங்கும் கல்லட்டிச் சரிவு 2018இல் பூத்தது. இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறையில் 2022இல் பூத்தது. ஒவ்வொரு கூட்டமும் தன் 12 ஆண்டைத் தனியே எண்ணுகிறது. கூட்டத்தை விட்டு ஓரிரு செடிகள் முந்தியோ பிந்தியோ பூப்பதும் உண்டு. இது தவிர, ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் பல பத்து வகைகள் இருக்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும், சில ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை. மகாராஷ்டிரத்தில் கார்வி எனப்படும் வகை எட்டு ஆண்டுக் கணக்கு. மும்பை வட்டாரத்தில் 2016இலும் 2024இலும் பூத்தது. செய்திகளில் அடிக்கடி வரும் ‘குறிஞ்சி பூத்தது’ என்பது பலமுறை இந்த உறவுச் செடிகளில் ஒன்றாகவே இருக்கும். சோலை ஓரத்து நிழலில் உயரமாக வளர்ந்தால் அது நீலக்குறிஞ்சியாக இருக்க வாய்ப்புக் குறைவு; திறந்த புல்வெளியில் கூட்டமாக நின்றால் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு காலம் காத்திருந்து ஒன்றாகப் பூப்பதால் செடிக்கு என்ன ஆதாயம்? மூங்கிலின் நெடுங்காலப் பூப்பை ஆராய்ந்த டேனியல் ஜான்சன் 1976இல் எழுதிய விளக்கம் குறிஞ்சிக்கும் பொருந்தும். ஆண்டுதோறும் விதை விழுந்தால் அதைத் தின்னும் பூச்சியும் எலியும் பறவையும் அந்த உணவை நம்பிப் பெருகிவிடும். பல ஆண்டு ஒன்றுமே கொடுக்காமல் இருந்து, ஒரே பருவத்தில் தின்று தீர்க்க முடியாத அளவு விதையைக் கொட்டினால், ஒரு பங்கு கட்டாயம் தப்பிப் பிழைக்கும். மகரந்தச் சேர்க்கைக்கும் கூட்டுப்பூப்பு உதவுகிறது. பூத்த சரிவைத் தேடி அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் திரளாக வந்துவிடும். அந்தப் பருவத்தில் பாறையிடுக்குகளில் எடுக்கும் தேனுக்கு மலைமக்களிடம் தனி மதிப்பு. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு குறிஞ்சியின் கரிய தண்டையும் அதன் பூவிலிருந்து தேனீ திரட்டும் தேனையும் சேர்த்தே சொல்கிறது.

மலைப் பழங்குடிகளான பளியரும் முதுவரும் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்டு வந்தார்கள். நீலகிரிப் படகர் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நாவலும் தலைமுறைக் காலத்தை இந்தப் பூப்பைக் கொண்டே அளக்கிறது.

மூணாறு முதல் டாப் ஸ்டேஷன் வரை

இரவிகுளத்துப் புல்வெளி தப்பியதற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூணாற்றைச் சுற்றிய கண்ணன் தேவன் மலைகளில் காடும் புல்லும் தேயிலையாக மாறியபோது, இரவிகுளம் மேட்டை வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் தங்கள் வேட்டைநிலமாக ஒதுக்கிக்கொண்டார்கள். வேட்டையைக் கட்டுப்படுத்த ஒரு சங்கம் அமைத்து, முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். 1971இல் கேரள அரசு சட்டம் இயற்றித் தோட்ட நிறுவனத்தின் பயன்படுத்தாத நிலங்களை எடுத்துக்கொண்டது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. வேட்டைக்காக விட்டுவைத்த நிலம் குறிஞ்சிக்குக் காப்பாயிற்று. மூணாற்றைச் சுற்றியுள்ள பிற சரிவுகளில் உயரமும் மழையும் மண்ணும் இதே வகைதான், தேயிலைதான் வேறுபாடு.

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் சுமார் 32 கிலோமீட்டர். வழிநெடுகத் தேயிலைச் சரிவுகள், எஸ்டேட் லயங்கள், தமிழ்ப் பெயர்ப்பலகையுடன் சிறு கடைகள். மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் இந்த வழியாகத்தான் துறைமுகம் போனது. 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கி, 1908இல் குறுகிய ரயில்பாதை ஆனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகத் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி அது கட்டப்படவில்லை.

டாப் ஸ்டேஷன் முனை தேனி மாவட்ட எல்லையைச் சேர்ந்தது. கீழே கொட்டகுடிப் பக்கத்துச் செங்குத்துச் சரிவுகள். மேகம் விலகினால் தமிழ்நாட்டுச் சமவெளி தெரியும். இந்தச் செங்குத்தில் தேயிலை நடமுடியாததால் குறிஞ்சி மிஞ்சியிருக்கிறது. பாறை விளிம்பில், காலூன்ற இடமில்லாத மடிப்புகளில், புதர்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

2018 பூப்பு இந்த மலையில் நினைத்தபடி நடக்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் கேரளம் முழுவதையும் தாக்கிய வெள்ளத்தில் மூணாற்றுச் சாலைகள் சரிந்தன. மறையூர் வழியில் பெரியவாரைப் பாலம் இடிந்து இராஜமலைக்கான போக்குவரத்து அறுந்தது. விடாத மழையில் மொட்டுகள் விரியத் தாமதமாகி, வெயில் வந்தபிறகே சரிவுகள் நிறம் கொண்டன. பூப்பு உச்சத்துக்கு வர நல்ல வெயில் சில நாள் தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்பது அந்த ஆண்டில் எல்லார்க்கும் தெரிந்தது.

வட்டவடை

டாப் ஸ்டேஷனிலிருந்து பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் ஊடே சாலை வட்டவடைக்கு இறங்குகிறது. பூங்காவின் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதைத் தாண்டியதும் படிப்படியாக வெட்டிய வயல்கள் பள்ளத்தாக்கு முழுதும் விரிகின்றன: கேரட், உருளை, பீன்ஸ், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர் ஊர்களில் பேச்சு பெரும்பாலும் தமிழ். தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இங்குள்ளவர்களின் வழக்கு.

வயலுக்கு மேலே, சரிவு முழுதும் நேர்நேராக நிற்கும் மரங்கள் யூகலிப்டஸ். அதன் ஒரு வகையின் பெயரைக்கொண்டு கிராண்டிஸ் என்றே ஊரார் சொல்கிறார்கள். புல்வெளியில் கிராண்டிஸ் நட்டால் சில ஆண்டுகளில் நிழல் மூடி, இலைச்சருகு குவிந்து, அடியில் குறிஞ்சி நாற்று முளைக்க வெளிச்சமே இல்லாமல் போகும். மரம் நீரை இழுப்பதால் ஊற்றுகள் வற்றுகின்றன என்பதும் இப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் குறை.

குறிஞ்சிக்கென்றே ஒதுக்கிய சரணாலயம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் வருகிறது. 2006 பூப்பின்போது கேரள அரசு வட்டவடை, கொட்டாக்கம்பூர் கிராமங்களில் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. குறிஞ்சி நிலங்களைக் காக்கக் கோரிக் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் இடையே நடைப்பயணங்கள் நடத்திய ஆர்வலர்களின் முயற்சி இதற்கு அடித்தளம். அதே ஆண்டில் அஞ்சல் துறையும் குறிஞ்சி அஞ்சல்தலை வெளியிட்டது. அறிவிப்புக்குப் பின் பட்டா உரிமை, எல்லை அளவை ஆகியவற்றில் வழக்கும் விசாரணையும் நீண்டன. ஒரு செடியைக் காப்பதென்பது அது நிற்கும் நிலத்தின் உரிமையைத் தீர்ப்பதுதான் என்பதற்கு வட்டவடை தெளிவான எடுத்துக்காட்டு.

கொடைக்கானல் பக்கம்

டாப் ஸ்டேஷனிலிருந்து பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்கு நேர்வழி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானியத் தாக்குதல் நேர்ந்தால் தப்பிச்செல்லும் வழியாகச் செப்பனிடப்பட்டதால் எஸ்கேப் ரோடு என்று பெயர் பெற்றது. காட்டுக்குள் செல்வதால் பொதுப் போக்குவரத்துக்கு இப்போது மூடப்பட்டிருக்கிறது. பயணி போடிமெட்டு இறங்கி, தேனி, பெரியகுளம் வழியாக மறுபடி மலையேறவேண்டும்.

பழனி மலையின் உச்சியில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைத் தொகுத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூல், இந்த மேடுகள் எத்தனை வகைப் புல்வெளிச் செடிகளால் நிறைந்திருந்தன என்பதைக் காட்டுகிறது. இன்று கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் பார்வைக்குப் படுவது பெரும்பாலும் பைன், யூகலிப்டஸ், சீகை எனப்படும் வாட்டில். தோல் பதனிடப் பட்டையும் செயற்கைப் பட்டுக்குக் கூழும் கிடைக்கும் என்று புல்வெளியைத் ‘தரிசு’ எனக் கருதி நட்ட மரங்கள் இவை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகக் கணித்தது. சீகையின் விதை மண்ணில் பல ஆண்டு உயிருடன் கிடந்து, மரத்தை வெட்டினாலும் தீ வைத்தாலும் மொத்தமாக முளைப்பதால் நிலத்தை மீட்பது கடினமான வேலை.

கொடைக்கானல் ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936இல் கட்டியது. ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து இந்து சமயம் தழுவியவர் அவர். முருகன் இங்கே குறிஞ்சியின் பெயரால் வழிபடப்படுகிறான். கோயில் இப்போது பழனித் தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ளது. வானம் தெளிந்த நாளில் இங்கிருந்தே பழனிக் கோயில் குன்று தெரியும். கோயிலின் சுற்றுப்புறத்திலும் கோக்கர்ஸ் வாக் சரிவிலும் குறிஞ்சிப் புதர்கள் உண்டு. நகரத்துக்குள் நின்று செடியைப் பக்கத்தில் பார்க்க இவையே எளிய இடங்கள்.

பார்க்கும் காலமும் முறையும்

பூக்காத ஆண்டில் செடியைப் பார்க்க ஐப்பசி முதல் மார்கழி வரை நல்லது. இலைகள் தழைத்து, புல் பசுமை மாறாமல் இருக்கும், உறைபனியையும் காணலாம். இரவிகுளத்துக்குப் போகிறவர்கள் வரையாடு ஈனும் மாதங்களைத் தவிர்க்கவேண்டும். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் எந்த மாதத்திலும் தேவை. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது.

2030 பூப்புக்கு ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை எதிர்பார்க்கலாம். மழையைப் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின் ஆகும். கடந்த பூப்புகளில் இராஜமலைக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வனத்துறை வரம்பு வைத்தது; அடுத்த முறையும் முன்பதிவு வேண்டியிருக்கும். பூ பறிப்பதும் செடியைப் பிடுங்குவதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் நீலக்குறிஞ்சி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முதன்முறையாக இதை மதிப்பிட்டு, அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தது.

சட்டத்துக்கு அப்பால் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. குறிஞ்சிக்கு விதை விட ஒரே ஒரு வாய்ப்பு. பூத்த கதிரை ஒடித்தால் அந்தச் செடியின் 12 ஆண்டு உழைப்பும் அதோடு முடிந்தது. விதை தூரம் போகாத செடி என்பதால் அந்த இடத்தை வேறொன்று நிரப்ப வராது. பாதையை விட்டு இறங்கி நடப்பதும் அதே கேட்டைச் செய்யும். காலடியில் மிதிபடுவது அடுத்த தலைமுறைக்கான விதை விழவேண்டிய மண். பூப்பு முடிந்து செடிகள் கறுத்து நிற்கும் மாதங்களில் சரிவு பாழடைந்ததுபோல் தோன்றும். அப்போது தீ வைக்காமலும் மாடு மேய்க்காமலும் விட்டால்தான் காய் வெடித்து விதை மண்ணில் சேரும். அடுத்த மழையில் நாற்று முளைக்கும். 2042இல் அந்தச் சரிவு பூக்குமா என்பதை அந்தச் சில மாதங்களே முடிவு செய்கின்றன.